வீட்டில் தோட்டா நிரப்பலாமா என்று கேட்ட தம்பிக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கித் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இரண்டு ஆண்டுகளாகச் சங்கத்தில் கைத்துப்பாக்கி சுட்டு வருகிறீர்கள். டெக்சஸில் இருக்கும் உங்கள் அத்தான் 9 மி.மீ. தோட்டாக்களைத் தம் கராஜிலேயே நிரப்பிக்கொள்கிறார். செலவு குறைகிறது, குறியும் கூடுகிறது என்கிறார். சிங்கப்பூரின் ஈசூனில் உங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், எல்லாரும் பாம் ஷெல்டர் என்று சொல்லும் அந்தப் பாதுகாப்பறையில் தோட்டா நிரப்பும் அழுத்துகருவியான ஒரு சிறு பிரஸ்ஸை வைத்து நீங்களும் அதையே செய்யலாமா, செய்ய முடியாதென்றால் அதனால் உங்கள் புள்ளிகளுக்கு எவ்வளவு இழப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்கு விடை ஒரே சொல்: முடியாது. இரண்டாம் பாதிக்கு விடை, உங்கள் நிலையில் இழப்பு ஏதுமில்லை என்பது. அதை நிறுவத்தான் சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. (குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டிய அறைக்குள் வெடிமருந்தைக் கொண்டுபோய் வைக்க நினைத்ததற்காக உங்களைக் கேலி செய்யாமல் இருக்க முயல்கிறேன்.)

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றங்கள் சட்டப்படி, உரிய அனுமதியின்றித் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருந்தாலே குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டுச் சிறைத்தண்டனையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. யாரையும் சுடவில்லை, சுடும் எண்ணமும் இல்லை என்பது அந்தக் குற்றத்திலிருந்து உங்களை விடுவிக்காது. அதே சட்டத்தில் துப்பாக்கி என்னும் சொல்லுக்குள் காற்றழுத்தத்தால் சுடும் ஏர் பிஸ்டலும் அடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இதே நோக்கில்தான் அமைந்திருக்கிறது: தயாரிப்பதும் வாங்குவதும் வைத்திருப்பதும் உரிமத்துக்கு உட்பட்டவை. ரீலோடிங், அதாவது சுட்ட கூட்டை மீண்டும் நிரப்பித் தோட்டாவாக்குவது, இம்மூன்றையும் ஒரே மேசையில் செய்வது. சங்க உறுப்பினர் அட்டை அதற்கு உரிமம் ஆகாது. நம் சங்கங்களில் துப்பாக்கி ஆயுதக் கிடங்கில் இருப்பதும், தோட்டாவை எண்ணிக் கொடுத்து எண்ணிக் கணக்கு முடிப்பதும் அந்த ஏற்பாட்டின் பகுதிகளே.

கட்டாயப் படைப்பணியான தேசிய சேவை செய்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுடுதளத்தை விட்டு வெளியேறும் முன் வரிசையில் நின்று, என்னிடம் தோட்டாவும் இல்லை, காலிக் கூடும் இல்லை என்று ஒவ்வொருவராக உரக்கச் சொன்னது நினைவிருக்கும். பத்தொன்பது வயதில் அது வெறும் சடங்காகத் தோன்றியது. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நானும் முணுமுணுத்திருக்கிறேன். பெர்த்தில் வேலை நிமித்தம் ஒன்பது ஆண்டுகள் இருந்து, அங்கே உரிமம் பெற்ற பிஸ்டல் சங்க உறுப்பினனாக ஆயிரக்கணக்கில் தோட்டா நிரப்பிய பிறகுதான், அந்தக் காலிக் கூடுதான் அரைத் தோட்டா என்பது எனக்கு உறைத்தது.

ஏனென்றால் ஒரு தோட்டாவுக்கு நான்கே உறுப்புகள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொத்தான் போல் உட்கார்ந்து தீயை மூட்டும் பிரைமர், உள்ளே புகையில்லா வெடிமருந்து, வாயில் பொருந்தும் குண்டு. சுடும்போது மற்ற மூன்றும் செலவாகிவிடும், கூடு மட்டும் மிஞ்சும். ஏறக்குறைய 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த அந்தப் பித்தளை, வெடிப்பின்போது விரிந்து, துப்பாக்கியில் தோட்டா அமரும் வெடியறையின் சுவரை அடைத்துக்கொண்டு, அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்கி விடுபடும் இயல்புடையது. ரீலோடிங் செய்பவர் அந்தக் கூட்டைத் துடைத்து, டை என்னும் எஃகு அச்சுக்குள் அழுத்தி மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, பழைய பிரைமரைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்தி, மருந்தை அளந்து ஊற்றி, குண்டை உரிய ஆழத்தில் அமர்த்தி, கூட்டின் வாயை லேசாக இறுக்குகிறார். கையால் இழுக்கும் ஒற்றைப் பிரஸ்ஸில் ஒரு கூட்டுக்கு நான்கைந்து முறை கைப்பிடியை இழுக்க வேண்டும். டில்லன் நிறுவனத்தினது போன்ற புரோகிரசிவ் பிரஸ்ஸில், எல்லா நிலையமும் நிரம்பிவிட்டால், ஓர் இழுப்புக்கு ஒரு தோட்டா விழும். உங்கள் அத்தான் அனுப்பிய காணொளியில் பார்த்தது இந்த இரண்டாம் வகையாகத்தான் இருக்கும். பார்க்க இடியாப்ப உரல் அளவுக்கு எளிமையாகத் தெரியும்.

அந்த எளிமைதான் ஏமாற்றும். 9 மி.மீ. தோட்டா ஒன்றில் போகும் மருந்து பெரும்பாலும் ஏறத்தாழ 5 கிரெயின்தான் இருக்கும். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின் என்பதால் அது 0.32 கிராம், அதாவது பனடோல் மாத்திரை ஒன்றில் உள்ள 500 மில்லிகிராம் மருந்தைவிடக் குறைவு. இந்தச் சிட்டிகையிலிருந்து அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) 9 மி.மீ. தோட்டாவுக்கு விதித்திருக்கும் உச்ச வரம்பான 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரைக்கும் அழுத்தம் எழக்கூடும். ஜார்ஜ் லூகர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்த இந்தத் தோட்டாவின் கூடு மிகச் சிறியது. உள்ளே வெற்றிடம் குறைவு. குண்டு உரிய ஆழத்தைவிடச் சிறிது கூடுதலாக உள்ளே இறங்கிவிட்டால் போதும், மருந்து ஒரு கிரெயின்கூடக் கூடாமலேயே அழுத்தம் சட்டென ஏறும். தோட்டாக்களை அடுக்கும் மேகசினிலிருந்து வெடியறைக்குள் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கிய தோட்டாவில் குண்டு பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தாலும் இதே கதைதான். அது கடையில் வாங்கிய தோட்டாவுக்கும் பொருந்தும் என்பதால், நீங்கள் இங்கேயே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

பழைய .38 ஸ்பெஷலில் ஆபத்து வேறு விதமானது. அது கரும்பொடி மருந்தின் காலத்தில் பிறந்த கூடு. அந்தப் பருத்த பொடிக்காக நீளமாகச் செய்யப்பட்டது. இன்றைய மருந்து அதன் அடியில் கொஞ்சமாகத்தான் கிடக்கும். கவனக்குறைவில் இரண்டாம் முறை ஊற்றினாலும் வழியாது, கண்ணுக்கும் உறுத்தாது. அதனால்தான் மருந்து ஊற்றிய கூடுகளைத் தட்டில் வரிசையாக நிறுத்தி, குண்டை வைக்கும் முன் விளக்கொளியில் ஒவ்வொன்றின் உள்ளேயும் எட்டிப் பார்க்கச் சொல்வார்கள். நானும் பார்ப்பவன்தான், ஒரு நாளைத் தவிர.

அந்த நாளில் பாதி வேலையில் தொலைபேசி ஒலித்தது. அம்மா, சிங்கப்பூர்த் தேக்காவிலிருந்து. பேசி முடித்து வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன் என்று நினைத்தேன். உண்மையில் ஒரு கூட்டைத் தாண்டிவிட்டேன். அடுத்த சனிக்கிழமைப் போட்டியில், நான்காம் சுற்றில், ரிவால்வரிலிருந்து வழக்கமான வெடிச்சத்தத்துக்குப் பதில், பாட்டில் மூடியைக் கழற்றினாற்போல் ஒரு சிறு 'டப்'. கையில் உதைப்பே இல்லை. விரைவுச் சுடுதல் என்பதால் என் விரல் அடுத்த சுடலுக்கு ஏற்கனவே இறுகத் தொடங்கியிருந்தது. பின்னால் நின்ற சுடுதள அதிகாரி போட்ட சத்தத்தில்தான் அது நின்றது. மருந்தில்லாத கூட்டில் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் ஏறத்தாழ நான்கு விரற்கடை தள்ளி நிறுத்தியிருந்தது. ஸ்குயிப் என்று இதைச் சொல்வார்கள். அடுத்த குண்டு அதன் முதுகில் மோதியிருந்தால் குழல் வீங்கியிருக்கும் அல்லது பிளந்திருக்கும். பித்தளைக் கம்பியை உள்ளே விட்டு மரச்சுத்தியலால் தட்டித் தட்டி அந்தக் குண்டை வெளியே எடுக்க அரைமணி நேரம் பிடித்தது. அன்று மிச்சமிருந்த 44 தோட்டாக்களையும் வீட்டில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். மற்றவை எல்லாம் சரியாகவே இருந்தன. குறை தோட்டாவில் இல்லை, தொலைபேசியை எடுத்த கையில் இருந்தது.

செலவுக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு தோட்டாவுக்கான செலவு குறைவது உண்மை. கூட்டைப் பல முறை பயன்படுத்தலாம், அதிலும் அழுத்தம் குறைந்த கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் அது நீண்ட நாள் உழைக்கும். ஆனால் மிச்சமான பணத்தில் சுடுநர்கள் இன்னும் அதிகமாகச் சுடுவார்களே தவிர, வங்கியில் போட மாட்டார்கள். உங்கள் அத்தானிடம் மாதக் கடைசியில் கேட்டுப் பாருங்கள். அக்காவிடம் கேட்டால் இன்னும் தெளிவான விடை கிடைக்கும்.

துல்லியம் பற்றிய பேச்சுக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது. ஐபிஎஸ்சி எனப்படும் பிராக்டிகல் சுடுதலில் பவர் ஃபேக்டர் என்று ஒரு கணக்கு உண்டு: குண்டின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பது. ஆற்றல் குறைந்த தோட்டாக்களுக்கான மைனர் பிரிவுக்கு அது குறைந்தது 125 இருக்க வேண்டும். 124 கிரெயின் குண்டு வினாடிக்கு 1,050 அடி வேகத்தில் போனால் 130.2, 147 கிரெயின் குண்டு 880 அடியில் போனாலே 129.4. இரண்டும் தகுதி பெறும், ஆனால் கனமான குண்டு மெதுவாகப் போகும் இரண்டாவதில் கையில் விழும் அடி மென்மையாக இருப்பதாகப் பெரும்பாலோர் உணர்கிறார்கள், நானும் உணர்ந்திருக்கிறேன். வரம்புக்குச் சற்றே மேலே, தன் துப்பாக்கிக்கும் தன் கைக்கும் ஏற்ற ஓர் இடத்தில் தோட்டாவை அமைத்துக்கொள்வதுதான் அந்தப் போட்டியாளர்கள் ரீலோடிங் செய்வதற்கான உண்மையான காரணம். வினாடியின் பத்தில் ஒரு பங்கில் வெற்றி தோல்வி முடிவாகும் இடத்தில் அதற்குப் பொருள் உண்டு.

இப்போது உங்களுக்கு வருவோம். 25 மீட்டர் துல்லியச் சுடுதல் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மி.மீ. நீங்கள் அனுப்பிய அட்டையின் படத்தில் ஐந்து துளைகள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவியிருக்கின்றன. இது எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போடலாம். சங்கத்தில் கிடைக்கும் 9 மி.மீ. துப்பாக்கியில் குறிபார்க்க மேலே பொருத்தியிருக்கும் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி ஏறக்குறைய 160 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விசையை அழுத்தும்போது முன் குறி ஒரு மில்லிமீட்டர் இடம் பெயர்ந்தால், 25 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 156 மி.மீ. விலகும். அரை மில்லிமீட்டர் பிசகுக்கு 78 மி.மீ., அதுவே பத்திலிருந்து உங்களை வெளியே தள்ளிவிடும். அரை மில்லிமீட்டர் என்பது உங்கள் நகத்தின் தடிமன். துப்பாக்கியைத் தாங்கியில் நிறுத்திவைத்துச் சுட்டால் சாதாரணக் கடைத் தோட்டா விடும் பிழை, உங்கள் சுட்டுவிரல் விடும் பிழையின் பக்கத்தில் ஒதுங்கி நிற்கும். தட்டு அளவுக்குப் பரவிய துளைகளை இன்னும் நல்ல தோட்டா கிண்ணம் அளவுக்குச் சுருக்காது. தட்டின் விளிம்பை ஒரு நூல் அளவு செதுக்கும், அவ்வளவே.

இன்னொன்றையும் உங்கள் அத்தான் சொல்லியிருக்க மாட்டார். நம் ஊரில் கைத்துப்பாக்கிச் சுடுதலில் பெயர் வாங்கித் தந்த போட்டிகளில் ரீலோடிங்குக்கு இடமே இல்லை. ஒலிம்பிக்கின் 25 மீட்டர் போட்டிகள் .22 காலிபரில் நடப்பவை. அந்தத் தோட்டாவில் தனியாகப் பிரைமர் கிடையாது. தீப்பற்றும் கலவை கூட்டின் அடி விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கும், சுடும் ஊசி அந்த விளிம்பையே நசுக்கிவிடும். ஒரு முறை சுட்டால் குப்பைதான். எனவே உலகின் எந்த நாட்டு வீரரும் அதில் பெட்டியில் வரும் தோட்டாவையே சுடுகிறார். செய்வதெல்லாம் பல தொகுதிகளை வாங்கிச் சோதித்துத் தன் குழலுக்குப் பொருந்தும் தொகுதியைத் தேர்வது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெடிமருந்தே இல்லை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டுகளில் நம் தியோ ஷுன் சியே தங்கம் வென்றது அந்தப் போட்டியில்தான்.

ரீலோடிங்கில் உங்களை ஈர்த்தது எது என்று எனக்குத் தெரியும், என்னையும் அதுவே பிடித்து வைத்திருந்தது: ஒரே செயலை அட்சரம் பிசகாமல் நூறு முறை செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தப் பசியை ஏர் பிஸ்டலிடம் கொண்டுபோங்கள். பத்துப் புள்ளி வட்டம் வெறும் 11.5 மி.மீ.; அதில் பெல்லட் என்னும் 4.5 மி.மீ. ஈயக் குண்டை 75 நிமிடத்தில் 60 முறை வைக்க வேண்டும். போட்டிப் பெல்லட்டுகள் 4.49, 4.50 என்று தலையளவு பிரித்துத் தகர டப்பாவில் வரும். சங்கத்தில் பயிற்றுநரிடம் கேட்டு, துப்பாக்கியைத் தாங்கியில் பொருத்தி, ஒவ்வோர் அளவிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள். பெல்லட்டைக் குழலுக்குள் வைக்கும் முன் அதன் பாவாடை போன்ற பின்பக்கம் நெளிந்திருக்கிறதா என்று விரல் நுனியில் உருட்டிப் பாருங்கள், நெளிந்ததை ஒதுக்கிவிடுங்கள். ரீலோடிங் மேசையின் பொறுமை முழுவதும் இதிலேயே கிடைத்துவிடும், சட்டத்தின் பக்கம் போகாமலே.

வெளிநாட்டுக்காரர்கள் தினமும் வீட்டில் வெற்றுத் துப்பாக்கியால் விசைப் பயிற்சி செய்வார்கள். நமக்கு அது சுடுதளத்தில் மட்டுமே இயலும். ஆகவே தளத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் முதல் இருபது நிமிடத்தை, அதிகாரியிடம் சொல்லிவிட்டு, எதையும் ஏற்றாமல் வெள்ளைச் சுவரையோ அட்டையின் பின்புறத்தையோ நோக்கி விசை இழுப்பதில் செலவிடுங்கள். கரும்புள்ளி இல்லாதபோது கண் தானாக முன் குறியிடம் போய் நிற்கும். வீட்டில் செய்யக் கூடியது ஒன்று உண்டு. ஏர் பிஸ்டலின் எடை 1500 கிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. பெரும்பாலானவை ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டிய கையில் பிடித்து, அரை நிமிடம் நிறுத்தி, ஒரு நிமிடம் இறக்கி, இருபது முறை செய்யுங்கள். பாட்டிலுக்குள் நீர்மட்டம் ஆடுவதைப் பார்த்தாலே உங்கள் தோள் எங்கே தளர்கிறது என்பது தெரிந்துவிடும்.

சுட்டு முடித்தபின் கையைக் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கழுவிவிட்டே உணவகத்துக்குப் போங்கள். பல பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது, பெல்லட்டே ஈயம்தான். சுடுதளத்திலிருந்து நேராகக் காப்பிக் கடைக்குப் போய்ப் பரோட்டாவைப் பிய்த்துத் தின்னும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, அதை விட்டுவிடுங்கள். கூடு துடைக்கும் இயந்திரத்திலிருந்து எழும் தூசியிலும் ஈயம் இருக்கும் என்பதால், அத்தான் வீட்டில் குழந்தைகள் கராஜுக்குள் ஓடிவருகிறார்களா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

ஆண்டுக் கடைசியில் டெக்சஸ் போகப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்பக் கூட்டரசு உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் தேவை. ஆனால் விருந்தாளியாக வரும் வெளிநாட்டவர் துப்பாக்கியையும் தோட்டாவையும் கையாள்வதற்குத் தனி விதிகள் உள்ளன. எந்த அனுமதியில் நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்து அவை மாறும். அத்தானை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். விதி இடம் கொடுத்தால் அவர் பக்கத்தில் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள்; வேலை நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், உங்கள் தொலைபேசியையும் வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

திரும்பும்போது எதையும் கொண்டுவராதீர்கள். காலிக் கூடு, சாவிக்கொத்தில் தொங்கும் அலங்காரத் தோட்டா, நினைவுப் பொருளாக அத்தான் தரும் குண்டு, எதுவும் வேண்டாம். சாங்கி விமான நிலையத்தில் அது விளையாட்டுப் பொருளா, ஆயுதமா என்று விளக்கம் சொல்லும் நிலைக்கு உங்களை ஆளாக்கிக்கொள்ள வேண்டாம். சுடுதளத்துக்கு எடுத்துச் சென்ற பையைப் பயணப் பையாக்காதீர்கள். அணிந்த உடையைத் துவைத்து, பைகளைப் புறம் திருப்பி உதறிய பிறகே மடித்து வையுங்கள். பெர்த்திலிருந்து நான் நிரந்தரமாகத் திரும்பிய வாரம், பிரஸ்ஸையும் மருந்தையும் சங்க நண்பர் ஒருவரிடம் முறைப்படி ஒப்படைத்து, மேசையைத் துடைத்து, எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்திருந்தேன். மனைவிதான் என் பழைய சுடுதல் மேலங்கியை மடிக்கும்போது, உள்பையின் தையல் ஓரத்திலிருந்து ஒரு .38 கூட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். பெட்டியைப் பூட்ட அப்போது இரண்டு மணி நேரம் இருந்தது.